திரையில் இரண்டு சதவீதம், தட்டில் வேறொன்று: குருத்தெலும்பு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த இரு மாணவர்கள், கறிக்கடையில் விடியற்காலையில் வாங்கிய ஆட்டு முழங்காலிலிருந்து குருத்தெலும்புச் செல்களைப் பிரித்தெடுத்து, நான் எப்போதோ செய்த அதே பிழையைச் சற்றும் பிசகாமல் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். தட்டில் பூஞ்சை படிவது போன்றவற்றை முதல் மாதமே கற்றுக் கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுமைக் கருவியைக் குறை ஆக்சிஜன் பெட்டிக்கு வெளியே வைப்பது

குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் செல்கள் ஏறத்தாழ 1 முதல் 5 சதவீத ஆக்சிஜனிலேயே வாழப் பழகியவை. ஆக்சிஜன் மிகுந்திருக்கும்போது சில நொதிகள் ஹைஃப்-1 ஆல்பா என்னும் புரதத்தை அழிவுக்கெனக் குறியிட்டுவிடுகின்றன. குறைந்தால் அப்புரதம் தங்கி, குருத்தெலும்புக்குரிய சாக்ஸ்-9 (குருத்தெலும்பு மரபணுக்களை இயக்கும் புரதம்), இரண்டாம் வகை கொலாஜன் (அதன் முக்கிய நார்ப்புரதம்) ஆகியவற்றின் உற்பத்திக்குத் துணை நிற்கிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகியோருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்புரதம் சாதாரணக் காற்றுக்குத் திரும்பிய சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும் என்பதைப் படித்திருந்தும் நான் மறந்தேன்.

ஆக்சிஜனை 2 சதவீதத்தில் வைத்திருக்கும் பெட்டியில் வளர்ந்த அகரோஸ் வில்லைகளை, அதாவது செல்களைக் கூழில் பொதித்த சிறு வட்டுகளை, தினமும் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து, மூட்டு தாங்கும் சுமையைப் போல அழுத்தும் கருவியில் நொடிக்கு ஒரு முறை வீதம் 10 சதவீதம் அழுத்தி அழுத்தி விடுவித்தேன். சுமையில்லாத வில்லைகளோ பெட்டியை விட்டு நகரவேயில்லை. 21 நாட்கள் கழித்துச் சுமை பெற்றவற்றில் கொலாஜன் குறைந்திருக்கக் கண்டு, சுமைதான் கெடுக்கிறது என்று நம்பி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தேன். பின்வரிசையில் இருந்த ஒருவர், "கருவி எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். கெடுத்தது சுமையா, வெளிக்காற்றின் ஆக்சிஜனா என்று என்னால் சொல்ல முடியவில்லை. விலையுயர்ந்த வளர்ச்சிக் காரணியும் பல மாத உழைப்பும் அந்த ஒரு கேள்வியில் கரைந்தன. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

வெளியே கழிந்தது ஒரு மணி நேரமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. ஊடகமும் (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவம்) பிளாஸ்டிக் தட்டும் காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருப்பதால், பெட்டியின் திரை உடனே 2 என்று காட்டினாலும், தட்டின் அடியில் அந்த அளவு வரப் பல மணி நேரம் ஆகும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தை நேராக ஊற்றுவதும் இதே கேடுதான். முதல் நாள் இரவே அதைக் குறை ஆக்சிஜன் பெட்டியில் திறந்த மூடியுடன் வைத்துவிடுங்கள். கருவியையும் உள்ளே பொருத்துங்கள். இடமில்லையென்றால் ஒப்பீட்டு வில்லைகளையும் அதே நேரம் வெளியே வையுங்கள்.

அசையாச் சுமை

அழுத்திப் பிடித்தே வைத்திருந்தால் புரோட்டியோகிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த குருத்தெலும்புப் புரதம்) உற்பத்தி குறையும், அழுத்தி அழுத்தி விடுவியுங்கள்.

தட்டையான தட்டில் பெருக்கிவிட்டு அப்படியே சோதிப்பது

பலமுறை பெருக்கிய செல்கள், குருத்தெலும்புக்குரிய இரண்டாம் வகையை விட்டு முதலாம் வகை கொலாஜனை உண்டாக்க மாறிவிடும். அவற்றை அகரோஸில் பொதித்தால் பழைய குணம் மீளும் என்று பென்யாவும் ஷாஃபரும் 1982-இலேயே காட்டினார்கள்.

ஏற்காட்டுக் காற்றை நம்புவது

"மலைக்கே கொண்டுபோய் வளர்த்தால் என்ன, ஐயா?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 15 சதவீதம் அளவுக்கே குறையும்; அது கடல்மட்டத்தில் 18 சதவீத ஆக்சிஜனுக்குக் கிட்டத்தட்ட இணை. மூட்டுக்குள் இருப்பதற்கு அது அருகில்கூட வராது.

அளவீடு

செல்களின் எண்ணிக்கையைக் காட்டும் டி.என்.ஏ. அளவால் வகுக்காத, புரோட்டியோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலிக் கணக்கை என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.