குரோமோசோம் சேத ஆய்வுக்கு வருவோர் கண்ணையும் கையையும் பழக்கும் முறை

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எம்.எஸ்சி. முடித்த தமிழ்ப் பிள்ளைகள், கதிர்வீச்சு குரோமோசோம்களுக்கு இழைக்கும் சேதத்தை ஆராய எப்படிச் சேர்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. சேரும் வழி எளிதில் சொல்லிவிடக்கூடியது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவருக்கு 2023 முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது 42,000 ரூபாயாகும். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும், கார்கரில் டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆக்ட்ரெக் என்னும் புற்றுநோய் ஆய்வு நிலையமும் உள்ளன. சேர்ந்தபின் கண்ணையும் கையையும் எப்படிப் பழக்குவது என்பதை யாரும் கேட்பதில்லை. ஆயினும் இத்துறையில் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு நிற்பதும் வீழ்வதும் அதில்தான்.

ரத்த வளர்ப்பை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். உறையாமல் தடுக்கும் ஹெபாரின் சேர்த்த ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கப்படும் பி.எச்.ஏ. என்ற புரதத்தைச் சேர்த்தால், பிளவுறாமல் ஓய்ந்திருக்கும் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் பிளவுறத் தொடங்கும். 37 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வைத்திருங்கள். அதைத் தாண்டினால் பல செல்கள் இரண்டாம் பிளவுக்குள் நுழைந்து, உடைந்த துண்டுகளை இழந்துவிடும். இறுதி மணிகளில் கோல்செமிட் என்னும் மருந்தைச் சேர்த்துப் பிளவைப் பாதியில் நிறுத்த வேண்டும். அதன் நெருங்கிய உறவான கோல்சிசின், நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சு.

அடுத்து, நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் செல்களை ஊதவிட்டு, மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, குளிர்ந்த ஈர ஸ்லைடின் மேல் பிப்பெட்டிலிருந்து ஒவ்வொரு துளியாக விடுங்கள். துளி விழுந்ததும் விளிம்பு விரிந்து, நடுவில் வானவில் நிறங்கள் ஒரு கணம் தோன்றி மறையும். அந்தக் கணத்தில்தான் செல் தட்டையாகிக் குரோமோசோம்கள் பிரிகின்றன. மும்பையின் ஜூலை மாத ஈரக்காற்றில் ஸ்லைடு மிக மெதுவாக உலர்வதால் செல்கள் வெடித்துக் குரோமோசோம்கள் சிதறிவிடும். என் முதல் மழைக்காலத்தில் ஒரு வாரத்து ஸ்லைடுகள் முழுவதையும் இப்படி இழந்தேன். அன்று முதல் அறையின் ஈரப்பதத்தைக் குறிக்காமல் ஒரு துளியும் விட்டதில்லை. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

ஜீம்சா சாயமேற்றியபின் எண்ணும் வேலை. ஒரு செல்லில் மனிதருக்குரிய 46 குரோமோசோம்களும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகே சேதத்தைத் தேடுங்கள். உடைந்த இரு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொள்ளும்போது சென்ட்ரோமியர் எனப்படும் இடுப்பு போன்ற பகுதி இரண்டு கொண்ட டைசென்ட்ரிக் ஒன்றும், சென்ட்ரோமியர் அற்ற துண்டு ஒன்றும் உண்டாகும் என்பதால் மொத்தம் மாறாது. துண்டைக் காணாமல் டைசென்ட்ரிக் என்று எழுதும் முன், அது ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு குரோமோசோம்களோ என்று ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கதிர்வீச்சுக்கு ஆளாகாதவரிடம் சுமார் ஆயிரம் செல்களுக்கு ஒரு டைசென்ட்ரிக்தான் தென்படும் என்பதால், தவறாகச் சேர்த்த ஒன்றிரண்டே முடிவைப் புரட்டிப்போடும்.

மனிதக் குரோமோசோம்கள் 48 என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் உலகம் நம்பியது; தெளிவான படங்களைப் பார்த்தவர்களும் 48 வரும்படியே எண்ணினார்கள். 1956இல் ட்ஜியோ, லெவன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டதைக் கண்டபடி 46 என்று எழுதினார்கள். அவர்களுக்கு உதவியது, செல்லை ஊதவைக்கும் அத்தகைய ஓர் எளிய நீர்த்த கரைசல். எதிர்பார்ப்பு கண்ணை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஸ்லைடு யாருடையது, எவ்வளவு கதிர்வீச்சு பெற்றது என்பதை நீங்கள் அறியாதபடி வேறொருவரைக் கொண்டு குறியெண் இடச் செய்யுங்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் குறியெண் இடும் வழக்கம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட அந்தப் பதில் முக்கியம்.

கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, 1945இல் ஆங்கில அறிவியலாளர் டார்லிங்டனுடன் பயிர்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்ட தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஓய்வுக்குப் பின்னும் இதே டிராம்பேயில் சில காலம் பணியாற்றினார். அந்த வயதிலும் அவரை ஈர்த்த வேலை இது.

டைசென்ட்ரிக் கண்ட ஒவ்வொரு செல்லின் இருப்பிடத்தையும் நுண்ணோக்கி மேடையின் அளவுகோலில் படித்து நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து, பழைய எண்ணிக்கையைப் பார்க்காமல் அதே ஸ்லைடை மறுபடி எண்ணி, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.