பில்லிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேபிளை மாற்றுவது எப்படி?

எங்கள் வாடிக்கையாளர் டேபிளில் போன் எண்ணுக்கு ஒரே ஒரு ஃபீல்டுதான். இரண்டாவது எண் வைக்க இடமில்லை. அதனால் எண்களைத் தனி டேபிளுக்கு மாற்றினேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். பேக்கப் எடுத்திருப்பீர்கள், நேரே வேலைக்குப் போவோம்.

1. புதிய டேபிளை உருவாக்குங்கள்: வாடிக்கையாளர் ஐடி, வரிசை எண், போன் எண். முதல் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ (ஒரே ஜோடி இரண்டு வரியில் வராது). பழைய ஃபீல்டை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

2. பழைய ஃபீல்டில் எழுதும் எண் புதிய டேபிளிலும் (வரிசை எண் 1) ஏறும்படி ட்ரிகர் (டேட்டாபேஸே தானாக ஓட்டும் சின்ன நிரல்) போடுங்கள். புரோகிராமிலேயே இரண்டு இடத்திலும் எழுதலாமே என்பார்கள். கவுன்டரில் ஓடும் பழைய வெர்ஷனுக்கு அது எப்படித் தெரியும்? எனக்கு ட்ரிகர்தான் பிடிக்கும்.

3. அப்புறம்தான் பழைய எண்களை நகலெடுக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். முதலில் நகலெடுத்துவிட்டு, சாப்பிட்டு வந்து ட்ரிகர் போட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் காசாளர்கள் திருத்திய எண்கள் புதிய டேபிளுக்கு வரவே இல்லை. டெலிவரி பையன் பழைய எண்ணுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ட்ரிகர் முன்னால், நகல் பின்னால். நகலெடுக்கும் இன்சர்ட்டில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' சேர்த்தால், ட்ரிகர் ஏற்கெனவே போட்ட புது எண்ணின் மேல் பழையது ஏறாது. ஐயாயிரம் ஐயாயிரம் வரியாக ஓட்டுங்கள்.

4. எல்லாக் கணினிகளிலும் எண்ணைப் புதிய டேபிளிலிருந்து படிக்கும்படி மாற்றுங்கள். எழுதுவதை அதற்கு அடுத்த வெர்ஷனில் மாற்றினால் போதும்.

5. ட்ரிகரை எடுத்துவிட்டு, பழைய ஃபீல்டுக்கு வேறு பெயர் வையுங்கள். ஒரு வாரம் எங்கும் எரர் வராவிட்டால் அழியுங்கள். எனக்கு மாதக்கடைசி ரிப்போர்ட் ஒன்று உதைத்தது. பெயரைத் திருப்பி வைக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

இதற்கெல்லாம் கையால் எழுதிய எஸ்க்யூஎல் ஃபைல்கள், அவற்றை வரிசையாக ஓட்டுவதற்கு ஃபிளைவே என்ற கருவி. அலெம்பிக் (இதே வேலைக்கான பைத்தான் கருவி) தானாக எழுதித்தருவதை அப்படியே ஓட்டாதீர்கள். ஃபீல்டின் பெயரை மாற்றினால், பழையதை அழித்துப் புதியதைச் சேர்க்கும்படி எழுதிவைக்கும். டேட்டா போச்சு.

பின்சேர்க்கை: ஐந்தாவது படியில் பில்லிங் மொத்தமும் நின்றுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். நீண்ட ரிப்போர்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் டேபிள் (பெயரை மாற்றவும் அழிக்கவும் ஓட்டும் கட்டளை) அதற்காகக் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்கூட (படிக்கும் கட்டளை) வரிசையில் நிற்கும். ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட்டை (டேபிளின் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு) 2 விநாடி என்று வையுங்கள். அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால் ஆல்டர் தானே விலகிக்கொள்ளும், கொஞ்சம் கழித்து மறுபடி ஓட்டலாம்.