பழைய டிராக்டர்ல சார்ஜ் ஏறலையா? முதல்ல சிவப்பு பல்பை பாருங்க

பழைய டிராக்டர்ல பேட்டரி சார்ஜ் ஏறலன்னா உடனே ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் பண்ற பாகம்) கழட்டி கடைக்கு தூக்கிட்டு போகாதீங்க, நிறைய வண்டியில அது நல்லாத்தான் இருக்கும். மீட்டர் பக்கத்துல சார்ஜிங் லைட்டுன்னு சின்ன சிவப்பு பல்பு இருக்குல்ல, சாவி ஆன் பண்ணா அது எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அந்த பல்பு வழியா போற கொஞ்சூண்டு கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்துற ரோட்டர் காயிலை உசுப்பி விடுது, பல்பு ஃபியூஸ் ஆயிட்டா இன்ஜின் ஓடும் ஆனா சார்ஜ் வராது, சில வண்டியில நல்லா ரேஸ் பண்ணா மட்டும் வரும். தயவுசெஞ்சு அங்க எல்இடி போடாதீங்க, அதுல போற கரண்ட் பத்தாது, பழைய மாதிரி இழை பல்பே போடுங்க. புது பல்பு போட்டும் எரியலன்னா பல்போட ஒயரையும், ஆல்டர்னேட்டருக்குள்ள ரோட்டருக்கு கரண்ட் கொடுக்குற கார்பன் பிரஷ்ஷையும் பாருங்க.

அடுத்து மல்டிமீட்டர் (வோல்ட் அளக்குற கருவி) வச்சு பாருங்க. இன்ஜின் ஆஃப்ல பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், ஓடும்போது கொஞ்சம் ரேஸ் பண்ணா 13.8-லிருந்து 14.4 வரை. ஆல்டர்னேட்டர் பின்னாடி பெரிய போல்ட்ல 14.2 காட்டி பேட்டரியில 13 தான் வருதுன்னா நடுவுல ஒயரோ எர்த்தோ (பேட்டரியை வண்டி இரும்போட சேர்க்குற இணைப்பு) சரியில்ல. சேறும் தண்ணியும் பட்டு எர்த் ஸ்ட்ராப் போல்ட்டுக்கு அடியில துரு ஏறியிருக்கும், எமரி பேப்பர் போட்டு இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரை தேச்சு இறுக்குங்க. ஆல்டர்னேட்டரை சுத்த வைக்கிற பெல்ட்டை கட்டைவிரலால அழுத்தினா அரை இன்ச் அமுங்கலாம், ரொம்ப தொய்ஞ்சா வழுக்கும்.

சார்ஜ் ஆகுதான்னு பாக்க வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரை கழட்டிப் பாக்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, அதை மட்டும் செய்யாதீங்க, வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்குற டயோடு போயிடும்.