தரையோடு ஒட்டிய கிளட்ச் பெடல்

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, என் பழைய காரின் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை உந்தி ஓரம் சேர்த்தது.

தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில், பானெட்டைக்கூடத் திறக்காமல், "பிளேட் போய்விட்டது சார்" என்றார்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் மாற்றியதாக பில். பழைய பிளேட்டைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம். இந்த ஊரில் வேறெந்தக் குப்பையும் அவ்வளவு வேகமாக அகன்று நான் பார்த்ததில்லை.

அதே வாரம் பெடல் மீண்டும் அமுங்கியது. இம்முறை காசிமேட்டு மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது பிரேக் ஆயில் டப்பாவை. என் காரில் கிளட்சுக்கும் அதே ஆயில்தான், அளவு குறைந்திருந்தது. கியர்பாக்ஸ் பக்கம், பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் ஆயில் சொட்டியது. பிளேட் தேய்ந்தால் எஞ்சின் உறுமும், வண்டி வேகமெடுக்காது. பெடல் இப்படித் தொய்ந்தால் முதலில் கசிவைத் தேட வேண்டும் என்றார். சிலிண்டரை மாற்றி, நான் பெடலை மிதிக்க மிதிக்க, ப்ளீடர் திருகைத் தளர்த்தி ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றினார். பெடல் கெட்டியானது.

பில்லோடு முதல் பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பிளேட்டை உண்மையிலேயே மாற்றினார்களா என்பது கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும்.