கடற்கரை பார்த்தவருக்கு இன்னொரு கடற்கரையா?

திருகோணமலையில் பரிந்துரைச் செயலி எழுதப் பழகும் தம்பிமார், சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் சொல்லும் ஒன்றைச் செய்தார்கள். நிலாவெளி பார்த்தால் உப்புவெளி, அப்புறம் மார்பிள் பீச். எதிர்பாராத, ஆனால் ஆளுக்குப் பிடிக்கிற இடத்தைக் காட்டப் போய் அவர்கள் விட்ட தவறுகளைத்தான் சொல்கிறேன். தரவைச் சுத்தம் செய்யாதது மாதிரியான தவறுகளை விடுகிறேன், அவை தானாகவே பிடிபடும்.

வியப்புக்காக ரேண்டம்

"புதுசா காட்டுங்கோ" என்று நான் சொன்னதும் நாலு இடத்தைக் கண்டபடி செருகினார்கள். டிசம்பரில் புறாத்தீவு வந்து நின்றது. வடகீழ்ப் பருவக்காற்றில் யார் படகு விடுவார்? எதிர்பாராததாக இருந்தால் மட்டும் போதாது, ஆளுக்குப் பொருந்தவும் வேண்டும்.

பழைய கிளிக்கை வைத்து மதிப்பெண்

இது இன்றைக்கும் எனக்கு எரிச்சல். ஒரு தம்பி, கோணேஸ்வரமும் சோழர் கல்வெட்டும் தேடியவருக்கு வெல்கம் விகாரையைக் காட்ட வைத்தார். அது பௌத்த விகாரை. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது, தமிழ்க் கல்வெட்டுகளும் கிடைத்த இடம். கோயில் தேடுபவர் தானாக அங்கே போகமாட்டார், கூட்டிப்போனால் லேசில் திரும்பமாட்டார். அருமையான பரிந்துரை. ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, துல்லியம் குறையுது" என்று தூக்கிவிட்டார்.

குறையாமல் என்ன செய்யும்? சோதனைத் தரவில் இருப்பது, பழைய செயலி காட்டியதில் ஆட்கள் தொட்டவை. விகாரையை அது யாருக்குமே காட்டவில்லை. காட்டாததை எவர் தொடுவார்? தொடாததெல்லாம் பிடிக்காத கணக்கில் விழுகிறது. அதே தரவில் மறுபடி பயிற்சி கொடுத்தால் பழைய கடற்கரைகளே இன்னும் மேலே ஏறும். சில சுற்றுக்குப் பிறகு மீட்பது பெரும்பாடு.

நெட்ஃபிளிக்ஸ் 2006இல் அறிவித்த பத்து இலட்சம் டொலர் போட்டியும், ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்று ஊகிப்பதில் வரும் பிழையை 10 சதவீதம் குறைப்பதற்குத்தான். 2009இல் பரிசைக் கொடுத்தார்கள், வென்றவர்கள் பல முறைகளைச் சேர்த்துக் கட்டிய முழுத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. துல்லியம் மட்டும் போதாது என்று மெக்னீ, ரீடல், கொன்ஸ்டன் என்ற பரிந்துரை ஆய்வாளர்கள் மூவரும் 2006இலேயே எழுதியாகிவிட்டது. தம்பிமார் இன்னும் அந்த ஒற்றை எண்ணையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

பட்டியலில் ஒரு வரியை, இதுவரை காட்டாததைக் காட்டிப் பார்க்கவென்று ஒதுக்குங்கள். எதை என்ன நிகழ்தகவில் காட்டினீர்கள் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். அது இல்லாமல், அரிதாகக் காட்டிய இடத்துக்குப் பின்னர் கணக்கில் சரியான எடை கொடுக்க முடியாது. கிளிக்கோடு நிற்காமல், வழி கேட்டாரா, சேமித்து வைத்தாரா என்றும் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆவல்

பஸ் நேரம் தேடுபவருக்குப் புது இடம் காட்டாதீர்கள்.

காரணம் சொல்லாமல் காட்டுவது

"கல்வெட்டு தேடினீர்கள், இங்கேயும் உண்டு." இந்த ஒரு வரி இல்லாவிட்டால், கோயில் தேடியவர் விகாரையைக் கண்டதும் செயலி குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பார்.