காசு கொடுத்தால் முடியாது: பிள்ளை போதையில் விழும்போது நாம் விடும் பிழைகள்

மகனின் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது ஒரு துண்டு ஈயத்தாள் வந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாள்தான். நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு உலை வைக்கப் போனேன். அவனுக்கு அப்போது 26 வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிள்ளை வளர்த்தவளுக்குத் தூள், அதுதான் ஹெரோயின், என்றால் என்னவென்று தெரியாதா? தெரியும். என் வீட்டுக்குள் வராது என்று நினைத்திருந்தேன். கண்டும் காணாமல் விட்டது முதல் பிழை.

அதைவிடப் பெரிய பிழை அவன் கடனை அடைத்தது. ஒரு நாள் இரவு இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். "அம்மா, இதுதான் கடைசி" என்று காலைப் பிடித்து அழுதான். விடிந்ததும் என் இரண்டு காப்பையும் செட்டியார் தெருவில் அடகு வைத்துக் கட்டினேன். அன்றைக்கு நான் மகனைக் காப்பாற்றவில்லை. இந்த வீட்டில் கேட்டால் காசு வரும் என்று கடன் கொடுத்தவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். மூன்று மாதத்தில் அடுத்த கடன், முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. காசு கொடுக்காதது வேறு, பிள்ளையைக் கைவிடுவது வேறு. சோறு போடுங்கள், உடுப்பு வாங்கிக் கொடுங்கள். மருந்துக்குப் போக வேண்டுமென்றால் பஸ் காசைக் கையில் கொடுக்காமல் கூடவே போங்கள். வாசலில் வந்து மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். மானம் போகுமே என்று நான் போகவில்லை. காப்பும் போனது, மானமும் போனது.

"கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இன்னொருத்தி பெற்ற பிள்ளை உங்கள் மகனுக்கு மருந்தல்ல.

அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. நாளாந்தம் நிறையக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், சாகவும் கூடும். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். தூளில் ஆபத்து இன்னொரு விதம். சில கிழமை விட்டிருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. திரும்ப அதே அளவு எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். உதடு நீலம் பாய்ந்து, குறட்டைபோல மூச்சு இழுபட்டு, தட்டியும் எழும்பாவிட்டால் நித்திரை என்று விடாதீர்கள், உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். அயலவர் பார்ப்பார்களே என்று யோசிக்க அது நேரமல்ல.

"அவன் வரச் சம்மதித்தால்தானே எங்காவது போகலாம்" என்று நான் காலத்தைக் கடத்தினேன். அதுவும் பிழை. பெற்றவர்கள் தனியாகவே போய்க் கேட்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. தலங்கமவில் அவர்களுடைய சிகிச்சை நிலையம் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தை 1926இல் பிடிக்கலாம். எனக்குச் சிங்களம் மட்டுமட்டு என்பதால் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மகன் வந்தது அதற்கும் ஐந்து மாதம் கழித்து. சுகமாகி வந்து ஒரு தரம் திரும்பவும் விழுந்தான். எல்லாம் வீண் என்று அன்றைக்குக் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது, அடுத்த நாளே திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். விழுவது இந்த வருத்தத்தில் உள்ளதுதான்.

இன்னொரு பிழையை நான் பிந்தித்தான் கண்டேன். அந்தக் காலத்தில்தான் என் மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினாள். எனக்கு அது சரியாக நினைவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு அவள் கண் முழித்துப் படித்தபோது யார் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது என்று போன மாதம் அவளிடம் கேட்டேன்.

"நானே போட்டுக் குடிச்சேன் அம்மா" என்றாள்.