போத்தலுக்குள் உப்பு: இழைய வளர்ப்பில் சறுக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் கேத்தலின் அடியைச் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு உதிரும். அடிநிலம் சுண்ணக்கல். மழையால் ஊறும் நல்ல தண்ணீர் அதற்குள் கடல்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அதனால் உப்பைத் தாங்கும் தக்காளி, கத்தரி, மிளகாய் தேடி இழைய வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத போத்தலில் ஊட்டக் கலவையில் வைத்து வளர்ப்பதில், இறங்க இங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்.

முதலாவது தண்ணீர். ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் முடிந்துபோக, கிணற்று நீரைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஊடகம் (அந்த ஊட்டக் கலவை) தயாரித்தேன். கொதித்தால் உப்புப் போகாது என்பது எனக்குத் தெரியும், அவசரம். இரண்டு கிழமையில், உப்பே போடாத ஒப்பீட்டுப் போத்தலிலும் தக்காளிக் குருத்தின் நுனி கருகி நின்றது. எதை எதோடு ஒப்பிடுவது? எல்லாவற்றையும் கொட்டினேன்.

உப்பின் வகையும் அப்படித்தான். ஆனையிறவு உப்பும் உப்புத்தானே என்று கேட்பார்கள். கடலுப்பில் மகனீசியமும் கல்சியமும் கலந்திருக்கும், கடைப் பக்கற்றில் அயடினும் சேரும். ஆய்வுகூடத் தரச் சோடியம் குளோரைட்டு மட்டும் போடுங்கள். காரகாடித்தன்மையை (pH) 5.8க்குச் சரிசெய்வது உப்பு கரைந்த பிறகு.

அளவில்தான் கூடுதலான குழப்பம். 100 மில்லிமோலார் சோடியம் குளோரைட்டு என்பது லீற்றருக்கு 5.84 கிராம், உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்துதிறனில் மீற்றருக்கு ஏறக்குறைய 10 டெசிசீமன். வயல் மண்ணில் அதே டெசிசீமன் கணக்கில் தக்காளி 2.5க்கு மேலும் வெங்காயம் 1.2க்கு மேலும் விளைச்சலை இழக்கத் தொடங்கும். அந்த எண்களை அப்படியே போத்தலுக்குக் கொண்டுவர முடியாது. 1962இல் முரசிகேயும் ஸ்கூக்கும் வகுத்த ஊடகத்திலேயே லீற்றருக்கு 4 கிராமுக்கு மேல் கனியுப்புகள் உண்டு. ஒரு தொகுதிக்கு முழு ஊடகமும் மற்றதற்கு அரை ஊடகமும் பாவித்தால் உங்கள் உப்புக் கணக்கு அங்கேயே பிழைத்துவிடும்.

செடி வாடினால் சோடியத்தின் நஞ்சு என்று எழுதிவிடுகிறோம். உப்பு இரண்டு வழியில் தாக்கும்: கலத்திலிருந்து நீரை இழுக்கும், அயன்களாய் உள்ளே புகுந்து பொற்றாசியத்தின் இடத்தைப் பிடிக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க, அதே பிரசாரண அழுத்தம் (நீரை இழுக்கும் அழுத்தம்) தரும், ஆனால் அயன்களாகப் பிரியாத மனிற்றோல் என்ற சீனி மதுசாரம் போட்ட போத்தல் ஒன்று பக்கத்தில் வேண்டும். உப்பு இரண்டு அயன்களாகப் பிரிவதால், 100 மில்லிமோலார் உப்புக்கு மனிற்றோல் மில்லிமோலார் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈர நிறையை மட்டும் நிறுப்பதும் ஏமாற்றும்; நீர் கோத்துக் கண்ணாடி போலான குருத்தும் பாரமாகவே இருக்கும். புரோலின் என்ற அமினோ அமிலம் கூடினால் செடி அவதிப்படுகிறது என்பது நிச்சயம், தாங்குகிறது என்பது அல்ல.

நான் கடைசிவரை நம்பாதது, உப்பு ஊடகத்தில் பிழைத்துப் பச்சையாய் நிற்கும் கலஸ் கட்டியை, அதாவது இலை வேர் என்று இன்னும் பிரியாத கலத் திரளை. பல கலங்கள் தற்காலிகமாகப் பழகிக்கொண்டவை. உப்பில்லாத ஊடகத்தில் இரண்டு மூன்று முறை மாற்றி வளர்த்து, திரும்ப உப்பில் வையுங்கள். அப்போதும் நின்றால்தான் மரபுமாற்றமோ என்று யோசிக்கலாம். பிறகும் அது முழுச்செடியாக வேண்டும். மூடிய போத்தலின் ஈரக்காற்றில் இலை ஆவியுயிர்ப்பது மிகக் குறைவு, அதனால் வேர் வழியே உப்பு இலைக்கு ஏறுவதும் குறைவு. வெளியே சோளகம் வீசும் ஆடி வெயிலில் அதே இலை நாள் முழுக்க நீரை இழுக்கும், கூடவே சோடியத்தையும். ஆகவே வெளிக்காற்றுக்குப் பழக்கிப் பதப்படுத்திய கன்றுகளைச் சாடியில் வைத்து, அளந்த உப்புநீரைப் படிப்படியாகக் கூட்டி ஊற்றிக் காய்க்கும்வரை பாருங்கள். சாடியின் அடியில் வடியும் நீரின் கடத்துதிறனையும் ஒவ்வொரு கிழமையும் குறித்துவையுங்கள். மேலே ஊற்றியதைவிட அது கூடிக்கொண்டே போகும்.